கத்தாத ஆமிக்காரன்

1

மே மாதம் வந்தால் எனக்கு ரெலிபோன் ஓயாது. போரில் செத்தவர்களின் நினைவுநாளுக்கு மண்டபம் பிடிக்க ஒருவர் கூப்பிடுவார், கதிரை அடுக்க ஒருவர் கூப்பிடுவார், ஆங்கிலத்தில் அடித்த நோட்டீசில் பிழை பார்க்க இன்னொருவர் கூப்பிடுவார். கதிரை அடுக்குகிற முதுகு எனக்கில்லை என்பது கிழக்கு லண்டன் முழுக்கத் தெரியும் என்பதால் பிழை பார்க்கிற வேலைதான் என் தலையில் விழும். இந்த மே மாதம் முதல் வந்த அழைப்பு வேறு இடத்திலிருந்து. படங்களுக்குத் துணை நடிகர்களைப் பிடித்துக் கொடுக்கும் கந்தோர் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை பேசினாள்.

"கடைசியில் உங்களுக்கென்றே ஒரு வேடம் வந்திருக்கிறது. இலங்கைக் கதை. போரின் கடைசி நாட்கள். தொலைக்காட்சியில் ஆறு பாகம். வசனமும் உண்டு."

வவுனியா நெளுக்குளத்திலிருந்து இதை வாசிக்கிற என் சொந்தக்காரர்கள் உடனே கிளம்பி வந்துவிட வேண்டாம். நான் நடிகன் இல்லை. வீதியோரத்தில் பிழையாகக் கார் விட்டவர்களுக்குத் தண்டச் சீட்டு எழுதுவதுதான் என் உத்தியோகம். தொப்பியும் உடுப்பும் தந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு மொழியில் ஏச்சு வாங்குகிறேன். ஐந்தாவது தமிழ், காரம் கூடியது அதுதான். லீவு நாட்களில் படங்களில் கதாநாயகனுக்குப் பின்னால் நடந்துபோவேன். கதாநாயகன் நடக்காவிட்டால் பின்னால் நிற்பேன்.

இதுவரை நான்கு தரம் பாகிஸ்தான் வாடகைக்கார்ச் சாரதி. இரண்டு தரம் அராபியக் கடைக்காரர். ஒரு தரம் மெக்சிக்கோத் தோட்டக்காரன். ஒரு தரம், எந்த நாடென்று சொல்லப்படாத நாட்டின் சர்வாதிகாரிக்கு மெய்க்காவலன். ஒரு தரம் பிணம். பிணம் எந்த இனமென்று கதையில் இல்லை. நான் இயல்பாக நடித்த ஒரே வேடம் அதுதான் என்பது மனைவியின் அபிப்பிராயம்.

அந்தக் கந்தோரில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் யார் என்று கேட்கிற பகுதியில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் என்று பெட்டிகள். கடைசியில் 'வேறு ஆசியர்'. இருபத்திரண்டு வருடமாக நான் வேறு. அடுத்த பகுதி இன்னும் விசேஷம்: எந்த இனத்தவராக உங்களைக் காட்டலாம்? அதில் எட்டுப் பெட்டிக்கு அடையாளம் போட்டிருந்தேன். கிரேக்கருக்குக்கூட. தமிழர் என்று ஒரு பெட்டி அங்கேயும் இல்லை. இருந்திருந்தால் போட்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான், அந்தப் பெட்டிக்கு வேலை வராது.

ஆகவே அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தமிழனாக நடிக்கப் போகிறேன். கடைசி நாட்களில் வன்னியில் ஒருவருக்கும் வயிறு இருந்திருக்காது என்ற ஞானம் உடனே வந்தது. ஒரு கிழமை இராச் சாப்பாட்டை விட்டேன். கண்ணாடிக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டி நடந்து பார்த்தேன். என் மகள் நிலா, பன்னிரண்டு வயது, அறைக்கதவைத் திறந்தாள், பார்த்தாள், மூடிவிட்டுப் போனாள்.

2

உடுப்பு அளவு பார்க்கப் போன அன்றே குட்டு உடைந்தது.

ஒரு பெரிய மண்டபத்தில் உடுப்புகள் கம்பியில் தொங்கின. ஒரு பக்கம் கிழிந்த சட்டை, புழுதி பூசிய சேலை. மற்றப் பக்கம் ஆமி உடுப்பு. நான் நேராகக் கிழிந்த சட்டைப் பக்கம் போனேன். உடுப்புக்குப் பொறுப்பான பெண், "அன்பே, நீங்கள் இந்தப் பக்கம்," என்று கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

ஆமி உடுப்பு எனக்குத் தைத்தது போல இருந்தது. பொத்தான் எல்லாம் பூட்டுப்பட்டது. அவமானம் அதில்தான்.

தமிழ்க் குடும்பமாக நடிக்கிறவர்கள் மூலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் மொரிசியஸ்காரர். அக்கா பிரேசில் நாட்டவள், பெயர் லூசியா. தம்பியாக நடிக்கிற பெடியன் எழும்பி வந்து கை தந்தான்.

"ஹலோ மச்சான், நான் சமிந்த. குருநாகல். ஆனால் வளர்ந்தது லெஸ்டரில்."

ஆகக் கணக்கு இப்படி: சிங்களப் பெடியன் தமிழன். தமிழனாகிய நான் சிங்கள ஆமி. பிரேசில்காரி முல்லைத்தீவுக்காரி.

இயக்குநர் ஒலிவியாவிடம் போனேன். முப்பது வயதுகள். நல்ல பிள்ளை. கோபப்பட வசதியே தராத அளவுக்கு நல்ல பிள்ளை. "ஒரு தவறு நடந்துவிட்டது, நான் தமிழன்," என்றேன்.

"தெரியும்!" என்று முகம் மலர்ந்தாள். "நாங்கள் இனம் பார்த்து வேடம் கொடுப்பதில்லை. அதில் நாங்கள் கண்டிப்பு. உங்கள் முகத்தில் ஒரு அதிகாரம் இருக்கிறது. சீருடையில் பிறந்தவர் போல நிற்கிறீர்கள்."

இருபது வருடம் தண்டச் சீட்டு எழுதினால் ஆடு மேய்க்கிறவனும் அப்படித்தான் நிற்பான்.

"சிங்களம் வருமா?" என்றாள்.

இந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் சிங்களம் எங்கே படித்தது என்று வவுனியாக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆமியிடம் பாஸ் எடுக்காமல் பக்கத்து ஊருக்குப் போகமுடியாத காலத்தில், தடைமுகாம் தடைமுகாமாக நின்று படித்தது. அதில் 'வணக்கம்' கிடையாது. 'சாப்பிட்டீர்களா' கிடையாது. மழை, பூ, அம்மா ஒன்றும் கிடையாது. வா, போ, நில், இறங்கு, பையைத் திற, அடையாள அட்டை எங்கே. முழு மொழியும் கட்டளை. ஒரு சிங்களவரோடு நான் ஒரு நிமிடம் நாகரிகமாகப் பேச வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்கு ஓடவேண்டும். ஆனால் அவரைப் பஸ்ஸில் இருந்து இறக்கி வரிசையில் விடு என்றால் அப்பழுக்கில்லாமல் செய்வேன்.

"மே பெத்தட்ட எண்ட! இக்மனட்ட!" என்றேன். இந்தப் பக்கம் வா, கெதியாய்.

தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற சமிந்த தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனான். பிறகு சிரித்தான். "எங்கட சித்தப்பா ஆமியில் இருந்தவர். அவர்கூட இவ்வளவு நல்லாச் சொல்லமாட்டார்."

சித்தப்பா எந்த இடத்தில் இருந்தவர் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒலிவியா கை தட்டினாள்.

3

கோபத்தில் 'தமிழனாகத் தமிழன்தான் நடிக்க வேண்டும்' என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். இரண்டு பந்தி எழுதியபின் நெளுக்குளம் ஞாபகம் வந்து பேனையைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து குளத்துத் தண்ணியையும் வயற்காணியையும் நம்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்துதான் இருந்தோம். பரிசளிப்பு விழாவுக்கு ஒரு சரித்திர நாடகம். வெள்ளைக்காரனோடு பொருதுகிற வன்னி ராசாவின் கதை. ராசாவாக நடித்தவன் நிமல், பேக்கரிக்காரரின் மகன், சிங்களவன். அவன்தான் வகுப்பில் குரல் பெரியவன். ராணி றியாஸ், எங்களுடையது ஆண்கள் வகுப்பு, அவனுக்குத்தான் தலைமயிர் நல்லது. வெள்ளைக்காரத் தளபதி நான். ஒரு முழுப் பவுடர்ப் பேணியை என் முகத்தில் கொட்டினார்கள். மேடை விளக்குச் சூட்டில் இரண்டாம் காட்சியிலேயே பிரித்தானிய சாம்ராச்சியம் கன்னத்தால் வடிய ஆரம்பித்தது.

கணக்கு வாத்தியார்தான் ஒத்திகையில் கேட்டவர்: "என்ன ரீச்சர், ராசா சிங்களவனோ?"

நாடகம் பழக்கிய ரீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சேர், வெள்ளைக்காரன் நெளுக்குளத்தான். முதல் அதைக் கேளுங்கோவன்."

ரீச்சரின் கையில் கோடு போடுகிற அடிமட்டம் இருக்கும். ராசாவின் வசனத்தில் ஒரு சொல் பிசகினாலும் நிமலுக்கு அடி. எனக்கும் அதே அடிமட்டம், அதே அடி. யார் வீட்டுப் பிள்ளை எந்த வேடம் போடுகிறது என்பது அவாவுக்குப் பொருட்டில்லை. வேடத்தைச் சரியாகப் போடவேண்டும், அவ்வளவுதான். நிமல் ராசாவாக விழுந்து செத்தபோது எங்கள் அப்பா மூக்கைச் சிந்தினார்.

பேக்கரி பிறகு இல்லாமல் போனது. நிமலின் குடும்பம் சாமான் ஏற்றி லொறியில் போனது. யாருக்குப் பயந்து போனது என்று எழுதினால் நோட்டீசில் பிழை பார்க்கிற வேலையும் எனக்கு இல்லாமல் போகும்.

ஆகவே யார் யாராக நடிப்பது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. லண்டனில் எனக்கு வயிறு எரிவது அடிமட்டம் இல்லாததைப் பார்த்துத்தான். இதே படநிறுவனம் முந்திய வருடம் எடுத்த தொடரில் வட இங்கிலாந்து வெள்ளைப் பிரபு ஒருவர் வருகிறார். அந்தப் பிரபுவின் ஊர் உச்சரிப்புப் பழக்க ஒருவரை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். சமிந்தவுக்குத் தமிழ் பழக்கியது ரெலிபோனில் ஒரு செயலி. அது சென்னைச் செய்தி வாசிப்பாளர் போலப் பேசுகிறது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த மீன்பிடிக்காரப் பெடியன் சாகப் போகிற நேரம் "என்னை மன்னித்துவிடுங்கள் சகோதரி" என்கிறான். இனம் பார்ப்பதில்லையாம். எங்களைத்தான் பார்ப்பதில்லை. மண்நிறத் தோல் என்று ஒரு பெரிய சாக்குமூட்டை வைத்திருக்கிறார்கள். கையை விட்டு அகப்பட்டதை எடுக்கிறார்கள்.

பரிதாபம், சமிந்தவுக்கு அது பிழையென்று தெரிந்திருந்தது. "மச்சான், அவன் உண்மையில் என்ன சொல்லியிருப்பான்?" என்று அவன்தான் கேட்டான். அந்த மண்டபத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்.

எனக்குப் பதில் தெரியாது. நான் அந்த நாட்களில் லண்டனில் ரெலிவிசனுக்கு முன்னால் இருந்தவன். பதில் தெரிந்த ஆள் என் வீட்டில் இருந்தாள்.

4

என் மனைவி ஜெசிந்தா முல்லைத்தீவுக் கரைக்காரி. தகப்பன் கடலுக்குப் போனவர். போர் முடிந்து சனத்தை அடைத்துவைத்த முகாமில் இருந்த காலத்தில், செட்டிகுளத்துக்கு அங்கால் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று என் அக்கா சாப்பாட்டுப் பார்சல் நீட்ட, அந்தப் பக்கம் நின்று வாங்கியவள். சாதகம் பார்க்கவில்லை, அவளிடம் சாதகமும் இல்லை, வேதமும் வேறு, அவள் கிறிஸ்தவப் பிள்ளை. அக்கா ரெலிபோனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நல்ல பிள்ளை. வாயும் இருக்கு."

அவளுடைய தம்பி அன்ரன் போர் முடிந்த அந்த மே மாதம், சண்டையின் கடைசி நாளில் போனவன். இன்னும் வரவில்லை. பதினாறு வருடம். ஜெசிந்தாவின் தாய், என் மாமி, முல்லைத்தீவில் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு, காணாமல் போனவர்களைக் கேட்டு எந்தக் கந்தோர் வாசலில் யார் இருந்தாலும் தானும் போய் இருப்பா. கலியாணம் கட்டிய பதின்மூன்று வருடமும் நான் கேட்ட கதை ஒன்றுதான்: ஆமி கத்திக்கொண்டு வந்தது, அன்ரனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது, இவள் அழுது குழறிக்கொண்டு நின்றாள். மாமிக்குத் தெரிந்ததும் இதுதான். மாமி அப்போது வெயிலில் மயங்கிக் கிடந்தவ.

உடுப்பு அளவு பார்த்து வந்த அன்று ஜெசிந்தா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேசம்?"

"ஆமி."

"எந்த ஆமி?"

"எங்கடை ஊர் ஆமிதான்."

நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சிரித்தாள். "உங்களுக்கோ? இந்த வண்டி வயித்தோடையோ? ஆமி வருது எண்டு ஆரும் சொன்னா முதல் ஓடி ஒளிக்கிற ஆள் நீங்கள்."

"அப்பா வில்லனா? பேட் கையா?" என்றாள் நிலா. "ஃபைனலி. கூல்."

"சரி, என்ன சொல்லவேணும்? சொல்லிக் காட்டுங்கோ பாப்பம்," என்றாள் ஜெசிந்தா.

காட்சி இதுதான். வெளி. சனம் குந்தியிருக்கிறது. போராடிய இயக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி வரட்டும் என்று ஆமிக்காரன் கத்துகிறான். ஒரு பெடியன் வரமாட்டேன் என்கிறான். இரண்டு பேர் இழுக்கிறார்கள். அக்கா காலைப் பிடித்துக் குழறுகிறாள். அதாவது எங்கள் வீட்டுக் கதையேதான். அதை அவளுக்கு முன்னால் நடித்துக் காட்டுகிற அளவுக்கு எனக்கு மூளை. ஒத்திகைப் பெருமை வேறு. கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நிலா கை தட்டிவிட்டு, காதில் பாட்டைச் செருகிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஜெசிந்தா மீனைக் கழுவினாள். மஞ்சள் போட்டாள். உப்புப் போட்டாள். பிறகு சொன்னாள்:

"அப்பிடி இல்லை."

"என்ன அப்பிடி இல்லை? வவுனியாவிலை என்னோடை இப்பிடித்தான் கத்தினவங்கள்."

"உங்களோடை கத்தியிருப்பாங்கள். எங்களோடை கத்தேல்லை."

"நீர்தானே சொன்னனீர், கத்திக்கொண்டு வந்து..."

"நான் சொன்னனான். ஓம்." கையைத் துடைத்தாள். "அந்த ஆமிக்காரன் கத்தேல்லை அப்பா. வந்து எங்களுக்கு முன்னாலை குந்தி இருந்தவன். சின்னப் பெடியன், அன்ரனைவிட இரண்டு வயசு மூப்பிருக்கும். தண்ணிப் போத்தல் தந்தவன். அம்மாவுக்குப் பருக்கச் சொல்லி. தமிழிலைதான் கதைச்சவன், உடைஞ்ச தமிழ். 'அக்கா, ஒரு நாள் இருந்தாலும் பதியுங்க. பயமில்ல. பதிஞ்சா வீட்டுக்குப் போகலாம்' எண்டு. இயக்கத்திலை ஒரு நாள் இருந்தவையும் பேர் பதியவேணுமாம். அக்கா எண்டவன் என்னை."

அன்ரனை இயக்கம் பிடித்துக்கொண்டு போய் நாற்பது நாள் வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஓடி வந்துவிட்டான் என்பதும் தெரியும்.

"அன்ரன் என்னைப் பாத்தவன். 'அக்கா, என்ன செய்ய?' எண்டு கேட்டவன். நான் யோசிச்சன், ஒளிச்சிருந்து பிறகு பிடிபட்டால்தானே அடிப்பாங்கள். இந்தப் பெடியன் நல்ல பெடியனாக் கிடக்கு. நான்தான் சொன்னனான். 'போய்ப் பதிஞ்சுபோட்டு வா' எண்டு. எழும்பிப் போனவன். ஒருத்தரும் இழுக்கேல்லை. தானே நடந்துபோய் பஸ்ஸிலை ஏறினவன்."

பதின்மூன்று வருடம் ஒரே வீட்டில். பிழை பார்ப்பதில் பேர் போனவன் நான்.

"அம்மா கண் முழிச்சுக் கேட்டவா, 'எங்கையடி தம்பி?' எண்டு. வாயிலை வந்தது இழுத்துக்கொண்டு போட்டாங்கள் எண்டு. பிறகு எல்லாருக்கும் அதைத்தான் சொன்னன். சொல்லிச் சொல்லி எனக்கே சில நேரம் அப்பிடித்தான் ஞாபகம் வரும்." பிறகு கேட்டாள்: "கத்தினவனிட்டை ஆரும் தம்பியைக் குடுப்பினமே? அவன் கத்தியிருந்தா நான் விட்டிருப்பனே? நீங்களே சொல்லுங்கோ."

நான் மஞ்சள் பூசிய மீனை எடுத்து மூடி வைத்தேன்.

இதை அச்சில் போட அவள் சம்மதித்தாள். அதற்கு முன் மாமிக்கு அவளே ரெலிபோனில் சொல்லிவிட்டாள். மாமி என்ன சொன்னா என்பது எங்கள் வீட்டு விஷயம்.

5

"படக்காரரிட்டைச் சொல்லுங்கோ," என்றாள் இரண்டு நாள் கழித்து. "என்ரை பேர் வேண்டாம். ஆனாச் சொல்லுங்கோ. ஊர் உலகமெல்லாம் பாக்கப்போகுது. ஒருக்காவாவது சரியாப் போடட்டும். எத்தினை அக்காமார் இருப்பினம் என்னைப் போலை."

ஒலிவியாவிடம் சொன்னேன். தெரிந்த ஒருவருக்கு நடந்தது என்று சொன்னேன். அக்கா சொன்னது என்ன என்பதை மட்டும் மறைத்தேன். குந்தியிருந்தது, தண்ணிப் போத்தல், உடைந்த தமிழ், பெடியன் தானே எழும்பி நடந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அற்புதம். ஆனால் செய்ய முடியாது. ஆபத்து என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அவன் மென்மையாகப் பேசினால் நல்லவன் என்று நினைத்துவிடுவார்கள்."

"நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்," என்றேன்.

ஒலிவியா குறிப்புப் புத்தகத்தை எடுத்து அந்த வசனத்தை எழுதிக்கொண்டாள். என் கோபமும் அவளுக்குப் பிரயோசனப்பட்டது.

படப்பிடிப்பு கென்ற் பக்கத்தில், கைவிட்ட கல்லுடைக்கும் பள்ளம் ஒன்றில். வன்னிக்குப் பனை வேண்டும். சாடியில் வைத்த தென்னை கொண்டுவந்திருந்தார்கள். குளிர். குந்தியிருந்த சனத்தில் வங்காளிகளும் சோமாலியரும் கோவாக்காரரும் இருந்தார்கள். இடைவேளையில் எல்லாரும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு அகதிகள் போல இருந்தார்கள். கமெரா ஓடத் தொடங்கினால்தான் நடிகர் மாதிரித் தெரிந்தார்கள்.

முதல் தரம் கத்தினேன். சொன்னபடி. நன்றாகவே கத்தினேன். இதை ஒளிக்கப் போவதில்லை. நான் கத்தியதும் முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை உண்மையாகவே அழுதது. சமிந்தவை இழுத்தார்கள். லூசியா குழறினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இன்னொரு தரம் எடுங்கள், எனக்காக," என்றேன். துணை நடிகன் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. ஒலிவியா நல்ல பிள்ளை என்று சொன்னேனே. சம்மதித்தாள்.

அந்தத் தரம் நான் போய் அவர்களுக்கு முன்னால் குந்தினேன். முழங்கால் கறகறத்தது. கையில் இருந்த தண்ணிப் போத்தலை லூசியாவிடம் நீட்டினேன். ஜெசிந்தா சொன்ன சொற்களை ஜெசிந்தா சொன்ன குரலில் சொன்னேன். அக்கா, ஒரு நாள் இருந்தாலும் பதியுங்க. பயமில்ல.

சமிந்தவுக்கு என்ன செய்வதென்று நான் சொல்லியிருக்கவில்லை. இழுக்க வேண்டிய இரண்டு பேரும் இழுக்கவில்லை. எதிர்க்க அவனிடம் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தான். பிறகு லூசியாவின் பக்கம் திரும்பினான். செயலி சொல்லிக்கொடுத்த சென்னைத் தமிழை விட்டுவிட்டு, இடைவேளைகளில் என்னோடு பேசிப் பேசிப் பொறுக்கிய தமிழில் கேட்டான்:

"அக்கா, என்ன செய்ய?"

லூசியாவுக்குப் பாடமாக்கிய வசனத்துக்கு அப்பால் தமிழில் ஒரு சொல் தெரியாது. கேட்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. அவள் ஆமிக்காரனாகிய என் முகத்தைப் பார்த்தாள். நான் நல்ல பெடியன் மாதிரித்தான் குந்தியிருந்தேன். தன் கையைச் சமிந்தவின் முதுகில் வைத்தாள். மெதுவாக முன்னுக்குத் தள்ளினாள்.

அவன் எழும்பி நடந்தான். ஒருவரும் இழுக்கவில்லை.

குருநாகல் பெடியனும் பிரேசில்காரியும். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல். பதினாறு வருடம் ஒருத்திக்குள் ஒளித்திருந்ததைச் சாடித் தென்னைக்குக் கீழே வைத்து அப்படியே செய்தார்கள். நான் குந்தின இடத்திலிருந்து எழும்ப முடியாமல் இருந்தேன். முழங்கால்தான் காரணம் என்று கை கொடுத்தவனுக்குச் சொன்னேன்.

"அழகு," என்றாள் ஒலிவியா. "இதைப் படத்தில் பாவிக்க முடியாது. ஆனால் அழகு."

6

மூன்று கிழமையில் தபாலில் ஒரு படிவம் வந்தது. 'தெரிந்த ஒருவர்' யாரென்று ஒலிவியா ஊகித்துவிட்டாள். தொடரின் முடிவில், உண்மையாக அனுபவித்தவர்களின் ஆலோசனையோடு எடுக்கப்பட்டது என்று போட்டு, ஜெசிந்தாவின் பெயரையும் சேர்க்க விரும்பினார்கள். பெயர், விலாசம், இனம். அதே பெட்டிகள், அதே 'வேறு'. கடைசியில் ஒரு வரி: இக்காட்சி என் அனுபவத்தை உள்ளபடி காட்டுகிறது என்று உறுதி செய்கிறேன். கீழே கையெழுத்து.

"எதைப் போடப்போயினமாம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கத்தினதை."

"அப்ப நான் அம்மாவுக்குச் சொன்ன பொய்க்கு இப்ப இங்கிலீசிலை கையெழுத்துப் போடவேணும்."

நான் கிழிக்கப் போனேன். என் கோபத்துக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அவள் கையைப் பிடித்தாள். பெரிய குரலில் என்னென்னவோ சொல்லிக்கொண்டு நின்றேன். லண்டன் பத்திரிகைகளுக்கு எழுதுவது, வழக்கறிஞரிடம் போவது. அவள் ஒன்றையும் கேட்கவில்லை.

"கத்தாதேங்கோ. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புவம். நிலாவைக் கூப்பிடுங்கோ," என்றாள்.

"நான் எழுதித் தாறன் இங்கிலீசிலை."

"வேண்டாம். நீங்கள் பகிடி சேத்துப்போடுவியள். அவள் எழுதட்டும்."

நிலா வந்தாள், காதில் பாட்டோடு. தமிழ் வாசிக்க மாட்டாள். பேசினால் பாதி விளங்கும், மீதியை எங்கள் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வாள். தாய் மாமனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது சுவரில் இருக்கிற படமும், ஆமி இழுத்துக்கொண்டு போனது என்ற ஒற்றை வரியும். மடிக்கணினியைத் திறந்து மேசையில் இருந்தாள்.

"அம்மா, ஸ்லோவாச் சொல்லுங்கோ. பெரிய வேர்ட்ஸ் வேண்டாம்."

ஜெசிந்தா எதிரே இருந்தாள். சின்னச் சின்ன வசனமாகச் சொன்னாள். வெளி. வெயில். அம்மம்மா மயங்கினது. ஆமிக்காரன் கத்தேல்லை. குந்தி இருந்தவன். தண்ணி தந்தவன். அக்கா எண்டவன். நிலாவின் விரல்கள் அடித்துக்கொண்டே போயின. இடையில் ஒரு தரம் காதிலிருந்த பாட்டைக் கழற்றி வைத்தாள்.

"மாமா என்னைக் கேட்டவர். என்ன செய்ய எண்டு."

அடித்தாள்.

"நான் போகச் சொன்னனான்."

விரல் நின்றது. தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பிழை திருத்துகிறவன்போல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா. நீங்களா போகச் சொன்னனீங்கள்?"

"ஓம். நான்தான்."

நிலா கேட்ட குரல் சின்னதாக இருந்தது.

"இதையும் எழுதவா?"

"அதைத்தான் முதல் எழுது," என்றாள் ஜெசிந்தா. நிலா திரையில் பக்கத்தின் உச்சிக்குப் போனாள்.